தேக்கா வரைக்கும் கேட்ட தும்மல்

சவுண்ட் டிசைனர்னு உங்க எல்லார் கழுத்துலயும் அட்டை தொங்குது. பார்க்க சந்தோஷமா இருக்கு. எங்க காலத்துல இந்த வேலைக்குப் பேரே கிடையாது. "மைக் பாத்துக்கிற பொண்ணு எங்கே?"ன்னுதான் தேடுவாங்க. பாட்டு நல்லா வந்தா பாடினவங்களுக்குக் கைதட்டு, கீச்சுன்னு இரைஞ்சா எனக்குத் திட்டு. ரிட்டயர் ஆகிற வரைக்கும் அப்படியே ஓடிப்போச்சு.

புதுசா வந்திருக்கிற பிள்ளைங்களுக்கு ஏதாவது சொல்லுங்கன்னு கூப்பிட்டிருக்காங்க. எந்த மைக், எந்த ஒயர்னு நான் பேசப் போறதில்லை. அதெல்லாம் உங்களுக்கு என்னைவிட நல்லாத் தெரியும், இல்லாட்டி உங்க கம்ப்யூட்டருக்குத் தெரியும். குமிழ் மேல கை இருக்கு, திருகணுமா வேண்டாமான்னு யோசிக்க ஒரு மூச்சு நேரம்தான் இருக்குன்னா என்ன பண்ணுவீங்க? அதுக்கு எந்தப் புத்தகமும் கிடையாது. எனக்கு அப்படி ஒரு சாயங்காலம் வந்துச்சு. அதைச் சொல்றேன்.

அறுபதுகளோட தொடக்கம். தோ பாயோ வட்டாரத்துல அடுக்குமாடி ஃப்ளாட்டெல்லாம் வராத காலம். நான் ஆசிரியர் பயிற்சியில இருந்தேன். ஒரு நாள் வகுப்புல நின்னுபோன ஃபேனைக் குடைஞ்சு ஓட வச்சேன். அன்னைக்குப் பிடிச்சுது சனி. அதுக்கப்புறம் ஒயர்னு எது இருந்தாலும் என் தலையிலதான் கட்டினாங்க. தமிழ் மாணவர்கள் சேர்ந்து ஓர் இசை நாடகம் போடலாம்னு கிளம்பினப்ப, சத்தம் சம்பந்தப்பட்டது முழுக்க என் பொறுப்புன்னு என்னைக் கேக்காமலே முடிவாயிடுச்சு.

கப்பலேறிப் போன வியாபாரிக்காக ஒரு இளவரசி கடற்கரையில காத்திருக்கா. கதை அவ்வளவுதான். அந்தக் காத்திருக்கிறதையே பாட்டுப் பாட்டா எழுதித் தள்ளிட்டாங்க. செராங்கூன் ரோட்டு மேலேயே, தேக்கா சந்தையில இருந்து கொஞ்சம் தள்ளி ஒரு பள்ளிக்கூட மண்டபம் கிடைச்சுது. சனிக்கிழமை சாயங்காலம் ஒரு காட்சி, ஞாயித்துக்கிழமை சாயங்காலம் ஒரு காட்சி.

இளவரசி யாருன்னு கேட்டீங்கன்னா, தங்கராசு. சிரிக்காதீங்க. அப்பல்லாம் பொண்ணுங்க மேடையேறினா வீட்டுல பூகம்பம் வரும். அதனால தஞ்சோங் பகார் துறைமுகக் குடியிருப்புல இருந்து வந்த இந்தப் பையன், ஆசையா வளர்த்த மீசையை எடுத்துட்டு சேலை கட்டினான். நடையும் கண்ணும் அபாரம். எங்க எல்லாரையும்விட அவனுக்குத்தான் சேலை நல்லா நின்னுச்சு. ஆனா வாயைத் திறந்து பாடினான்னா, இளவரசி ஏன் இவ்வளவு நாள் தனியா இருக்கான்னு எல்லாருக்கும் புரிஞ்சுபோகும்.

அதனால பாட்டுக்கு வசந்தா. என் கூடப் படிச்சவ, என் உயிர்த் தோழி. மேடை ஓரத்துல ஒரு படுதாவுக்குப் பின்னால நின்னு அவ மைக்குல பாடுவா, தங்கராசு முன்னால நின்னு வாயசைப்பான். வசனத்துக்கெல்லாம் மைக் கிடையாது, அவங்கவங்க சொந்தத் தொண்டைதான். பாட்டுக்கு மட்டும் நான் குமிழைத் திறப்பேன், பாட்டு முடிஞ்ச உடனே மூடிடுவேன். இது நானே போட்ட சட்டம். மூட மறந்தா படுதாவுக்குப் பின்னால பேசுற வம்பெல்லாம் மண்டபத்துக்குக் கேட்டுடும்.

வசந்தா பாடுறது அவ வீட்டுக்குத் தெரியாது. அவங்கப்பா அவகிட்ட முன்னாலேயே கண்டிப்பா சொல்லியிருந்தார். பாட்டு, மேடைன்னு பேச்சு வந்தா அன்னைக்கே படிப்பு நின்னுடும், கிள்ளான்ல இருக்கிற அத்தை வீட்டுக்கு அனுப்பிடுவேன், அத்தை மகன் தயாரா இருக்கான்னு. வசந்தாவுக்கு டீச்சராகிறதுதான் வாழ்க்கையில ஒரே ஆசை. பயிற்சி முடிய இன்னும் கொஞ்ச காலம்தான் இருந்துச்சு. அதனால வீட்டுல நாடகத்துக்கு உடுப்பு தைக்கிறேன்னு சொல்லி வச்சிருந்தா. இத்தனைக்கும் அவளுக்கு ஊசியில நூல் கோக்கத் தெரியாது.

அவங்கப்பாவை நான் மாமான்னுதான் கூப்பிடுவேன். மிளகாய், மல்லி, மஞ்சள் அரைக்கிற மில் வச்சிருந்தார். அந்த மில் எங்கே இருந்துச்சுன்னா, மண்டபத்துக்கு நேரெதிர்ல, ரோட்டுக்கு அந்தப் பக்கம். உங்களுக்குத் தூக்கிவாரிப் போடுதில்ல? எங்களுக்கும் அப்படித்தான் இருந்துச்சு. ஆனா மில்லுங்கிறது காலையில இருந்து பொழுது சாயிற வரைக்கும் கடகடன்னு ஓடிக்கிட்டே இருக்கும். பக்கத்துல நிக்கிறவன் பேசுறதே கேக்காது. மாமா அதுக்குள்ளேயே இருந்து இருந்து, சாதாரணமா சாப்பிட்டியான்னு கேட்டாக்கூட அடுத்த கடைக்காரன் சாப்பிட்டேன்னு பதில் சொல்லுவான். ஒத்திகை அப்ப அந்தச் சத்தத்தை நான் திட்டாத நாளில்லை. வசந்தாவுக்கு மட்டும் அது தைரியம். மில் ஓடுற வரைக்கும் அப்பாவுக்கு ஒண்ணும் கேக்காது, உள்ள பாடுறது உள்ளேயே இருக்கும்னு நம்பினா.

சனிக்கிழமை மத்தியானம் ஜமால் நானா மைக் செட்டைக் கொண்டுவந்து இறக்கினார். கல்யாணம், கோயில் திருவிழா, தர்கா கந்தூரி, எதுக்கும் அந்த வட்டாரத்துல அவர் செட்டுதான். ஆம்ப்ளிஃபயர் பக்கத்துல ஒரு பொண்ணு உட்காரப் போறான்னதும் அவருக்கு முகம் சுருங்கிடுச்சு. கெடுத்துவச்சா யாரு பொறுப்புலா, அப்படின்னார். நான் அவர் கண்ணு முன்னாலேயே எல்லாத்தையும் மாட்டி, கழட்டி, திரும்ப மாட்டிக் காட்டினேன். சரி, நீ பொழச்சுக்குவேன்னு சொல்லிட்டு, வெளிவேலை கொஞ்சம் பாக்கி இருக்குன்னு ஏணியைத் தூக்கிக்கிட்டுப் போனார். என்ன வெளிவேலைன்னு கேக்க எனக்கு நேரமில்லை. முறத்துல பச்சைப் பயறைப் போட்டு உருட்டிக் கடல் சத்தம் வரவழைச்சுக்கிட்டிருந்தேன். கடல் எனக்கு அடங்கறதுக்குள்ள அவர் வேலையை முடிச்சுட்டு, பாசிர் பாஞ்சாங்ல ஒரு கல்யாணத்துக்குப் போயிட்டார்.

நாடகம் ஆரம்பிச்சுது. மண்டபம் நிறைஞ்சிருந்துச்சு. முதல் பாட்டு, கைதட்டு. ரெண்டாவது பாட்டு, இன்னும் பெரிய கைதட்டு. நான் மேடை ஓரத்துல ஆம்ப்ளிஃபயரோட உட்கார்ந்து, நம்மை மாதிரி உண்டான்னு பூரிச்சுப் போயிருந்தேன். மூணாவது பாட்டு பாதியில எனக்கு என்னமோ குறைஞ்ச மாதிரி இருந்துச்சு. தங்கராசு சரியாத்தான் வாயசைச்சான். வசந்தா குரலும் சரியாத்தான் இருந்துச்சு. அப்புறம்தான் உறைச்சுது. மில் சத்தம் இல்லை.

ரோட்டுப் பக்கம் ஒரு சின்னக் கதவு இருந்துச்சு. ஓடிப்போய்த் திறந்து பார்த்தேன். ரோட்டோரத்துல ஒரே கூட்டம். திரிஷாங்கிற மூணு சக்கர சைக்கிள் வண்டிக்காரங்க வண்டியை நிறுத்திட்டு உட்கார்ந்திருக்காங்க. பூக்கடைக்காரம்மா நாரைக் கையில பிடிச்சபடி நிக்கிறாங்க. எல்லாரும் தலையைத் தூக்கி எங்க சுவரைப் பார்க்கிறாங்க. நானும் தூக்கிப் பார்த்தேன். பெரிய கூம்பு ஸ்பீக்கர் ரெண்டு, ரோட்டைப் பார்த்து ஜம்முன்னு தொங்குது. எங்க வசந்தா செராங்கூன் ரோடு முழுக்கப் பாடிக்கிட்டிருக்கா.

ஜமால் நானாவை நான் குத்தம் சொல்ல மாட்டேன். நம்ம சனங்களுக்கு விசேஷம்னாலே தெருவுக்குக் கேக்கணும். உள்ள இருக்கிறவங்க எப்படியும் வந்தவங்க, வராதவங்களுக்குக் கேக்கலைன்னா அப்புறம் எதுக்கு மைக் செட்டுன்னு நினைக்கிற ஆளுங்க நாம. அவர் வாழ்க்கை முழுக்க முதல்ல தெருவுக்குக் கட்டிட்டு, அப்புறம்தான் உள்ளுக்குக் கட்டுவார். நாடகம் மண்டபத்துக்கு உள்ளேயே முடிஞ்சுபோற விசேஷம்னு அவருக்கு யாரும் சொல்லலை. அதனால சொல்றேன், எந்த மண்டபத்துக்குப் போனாலும் முதல்ல வெளிய போய் ஒரு சுத்து சுத்திட்டு வாங்க.

வெளி ஸ்பீக்கரை மட்டும் வெட்டிவிடலாம்னு ஓடிவந்தேன். வெட்ட முடியாது. உள்ளுக்கும் வெளிக்கும் ஒரே ஒயர்ல கோத்து வச்சிருந்தார் மனுஷன். வெளிய வெட்டினா உள்ளேயும் ஊமையாயிடும். ஏணியும் அவர்கூடவே கல்யாணத்துக்குப் போயிடுச்சு. பாட்டு முடிஞ்சதும் குமிழை மூடிட்டு, என்ன பண்றதுன்னு முழிச்சுக்கிட்டு நிக்கிறப்ப அந்தச் சின்னக் கதவு திறந்துச்சு. மாமா.

தலையில இருந்து கால் வரைக்கும் மிளகாய்த் தூள். தோள்ல துண்டு.  மேடையில அப்ப எல்லாரும் தொண்டை கிழிய வசனம் பேசிக்கிட்டிருந்தாங்க. படுதாவுக்கு இந்தப் பக்கம் நாங்க, கை நீட்டினா எட்டுற தூரத்துல அந்தப் பக்கம் வசந்தா. மனுஷன் கோபமா வந்திருக்கார்னு நினைச்சா, முகமெல்லாம் சிரிப்பு. தன்னால முடிஞ்ச அளவுக்குக் குரலைத் தணிச்சுக்கிட்டு, "ஏம்மா, யாரு பாடுறது? மெஷினை நிறுத்திட்டுக் கேட்டேன்"ன்னார்.

அப்பதான் புரிஞ்சுது, அவருக்கு அடையாளம் தெரியலை. எப்படித் தெரியும்? பயந்துக்கிட்டு அந்தப் பிள்ளை வீட்டுல ஒரு வரி வாய்விட்டுப் பாடினதில்லை. மகளோட குரலையே அந்த மனுஷன் அன்னைக்குத்தான் முதல்முதலா கேக்கிறார். எனக்கு வாயில வந்ததைச் சொன்னேன். இசைத்தட்டு மாமா, மெட்ராஸ்ல இருந்து வந்ததுன்னேன். அவர் ரொம்பத் திருப்தியா, அதானே பார்த்தேன், இந்த ஊர்ல யாரு இப்படிப் பாடுறதுன்னு தலையை ஆட்டினார். அந்தத் தட்டு எந்தக் கடையில கிடைக்கும், நம்ம கடையில போட வாங்கணும்னு கேட்டார். அதோட விட்டாரா, வசந்தா எங்கே, உள்ள தைக்கிறாளான்னும் கேட்டார். ஆமா மாமா, தைக்கிறா மாமான்னேன்.

அதுக்குள்ள அடுத்த பாட்டு வந்துடுச்சு. நாடகத்துலேயே அதுதான் பெரிய சோகப் பாட்டு. திறந்துதான் ஆகணும், திறந்தேன். மேடைக் கூச்சல்ல, படுதாவுக்கு அந்தப் பக்கம் வசந்தாவுக்கு நாங்க பேசினது எதுவும் காதுல விழலை, உருகி உருகிப் பாடுறா. மாமா கண்ணை மூடிக் கேட்டார். கேட்டுக்கிட்டே தோள்ல கிடந்த துண்டை எடுத்து, பழக்க தோஷத்துல ஒரு உதறு உதறினார்.

அந்த மிளகாய்த் தூள் படுதாவைத் தாண்டிப் போச்சு. இசைத்தட்டு தும்முச்சு. ஒண்ணில்லை, வரிசையா மூணு தும்மல். மண்டபம் அதிர, செராங்கூன் ரோடு அதிர, தேக்கா வரைக்கும் கேட்டிருக்கும். மேடையில தங்கராசு சுதாரிச்சுக்கிட்டு, சேலைத் தலைப்பை மூக்குல வச்சு, சத்தம் வந்து முடிஞ்ச பிறகு நிதானமா மூணு தடவை தும்மினான். காதலனைப் பிரிஞ்ச இளவரசிக்கு ஜலதோஷம்னு சனங்க விழுந்து விழுந்து சிரிக்கிறாங்க.

மாமா சிரிக்கலை. பாட்டுல அவரை ஏமாத்திட்டேன். தும்மல்ல ஏமாத்த முடியுமா? பிறந்ததுல இருந்து அந்த மில்லுல தும்மி வளர்ந்த பிள்ளை. மெதுவா என்னைத் திரும்பிப் பார்த்து, "தட்டு தும்முதே"ன்னார். படுதாவை விலக்கினார்.

வசந்தா மைக்கைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறா. அப்பாவைப் பார்த்துட்டா. முகம் வெளுத்துப் போச்சு, மூக்குல தண்ணி ஓடுது. ஆனா பாட்டை நிறுத்தலை. என் கண்ணு முன்னால நான் பார்த்த தைரியத்துலேயே பெரிய தைரியம் அதுதான். அப்பா மூஞ்சியைப் பார்த்துக்கிட்டே மிச்சமிருந்த அடியெல்லாம் ஒரு சுருதி பிசகாம பாடி முடிச்சா.

கைதட்டு பிச்சுக்கிட்டுப் போச்சு. நாங்க நின்ன இடத்துல இருந்து மேடை தெரியும். தங்கராசு முன்னால வந்து, நெஞ்சுல கை வச்சு, இடப்பக்கம் ஒரு கும்பிடு, வலப்பக்கம் ஒரு கும்பிடு, நடுவுல ஒரு பெரிய கும்பிடு. மாமா அவனைப் பார்க்கிறார், மகளைப் பார்க்கிறார், திரும்ப அவனைப் பார்க்கிறார். கழுத்து நரம்பு புடைக்க வாயைத் திறக்கிறார்.

பாட்டு முடிஞ்சா மைக்கை மூடணும். என் கை குமிழ் மேலதான் இருந்துச்சு. மூடினா என்ன நடக்கும்? இந்த இருட்டு மூலையில கத்துவார். கையைப் பிடிச்சு இழுத்துக்கிட்டு அந்தச் சின்னக் கதவு வழியாப் போயிடுவார். ரெண்டு நாள்ல இவ கிள்ளான்ல இருப்பா. யாருக்கும் எதுவும் தெரியாது. நாலு பேர் கேக்கிற இடத்துல பேசினா மனுஷன் கொஞ்சமாவது யோசிப்பான்னு எனக்குத் தோணுச்சு. தோணுச்சோ, கை மரத்துப் போச்சோ, சத்தியமா இன்னைக்கும் தெரியலை. மூடலை.

"ஏண்டி, நீ பாடினதுக்கு அவன் எதுக்குடி கும்பிடு போடுறான்?"

மில்லுக்குள்ள பேசிப் பழகின குரல், கூடவே ஜமால் நானாவோட கூம்பு ஸ்பீக்கர்.  தங்கராசு கும்பிட்ட கையை இறக்கவும் தெரியாம ஏத்தவும் தெரியாம நிக்கிறான். அப்புறம் ரோட்டுப் பக்கம் இருந்து முதல்ல ஒரு விசில். அடேய், நம்ம மில்லுக்காரர் மகடான்னு யாரோ கத்தினது கேட்டுச்சு. அந்த வட்டாரத்துல அவர் குரல் தெரியாதவங்க யாரு? அதுக்கப்புறம் வெளியேயும் கைதட்டு, உள்ளேயும் கைதட்டு. முன்னால விழுந்ததைவிட ரெண்டு பங்கு.

மாமா மைக்கைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். நான் குமிழை மெதுவா மூடினேன். இது இவ்வளவு நேரமும் திறந்திருந்துச்சான்னு கேட்டார். ஆமா மாமான்னேன். வெளியவும் கேட்டுச்சான்னு கேட்டார். ஆமான்னேன். துண்டை எடுத்து முகத்தைத் துடைச்சார், துடைச்சதுல கண்ணு எரிஞ்சுபோச்சு. மிளகாயாலதான் தண்ணி வந்துச்சா வேற எதனாலயான்னு நான் கேக்கலை. கைதட்டு இன்னும் ஓயலை. வசந்தா மைக்கை இன்னும் விடலை. 

"இன்னும் எத்தனை பாட்டு இருக்கு?"ன்னார்.

ரெண்டுன்னு வசந்தா சொன்னா. 

"பாதியில விட்டா ஊர் சிரிக்கும். பாடு."

சொல்லிட்டு நாலடி தள்ளிப் போய், தூள் பறக்காம கையைக் கட்டிக்கிட்டு நின்னார். கடைசி வரைக்கும் அசையலை.

திரை விழுந்ததும் நாங்க எல்லாரும் தலையைக் குனிஞ்சு நின்னோம். மாமா நேரா தங்கராசுகிட்டதான் போனார். அவன் சேலையைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு ஓடத் தயாரா இருந்தான். மாமா ரொம்ப மரியாதையா, தம்பி, நடிப்பு நல்லாத்தான் இருக்கு, ஆனா நாளைக்கு நீங்க வேண்டாம், என் பிள்ளையே நிக்கட்டும்னார். கிள்ளானைப் பத்தி ஒரு பேச்சு எடுக்கலை. அன்னைக்கு மட்டுமில்லை, அப்புறமும் எடுக்கலை. வசந்தா வாயைப் பொத்திக்கிட்டு அழுதா, நானும் அவளைக் கட்டிக்கிட்டு அழுதேன். தங்கராசு மட்டும் இளவரசியில இருந்து வாயிற்காப்போனா இறங்கினதுக்கு ரெண்டு நாள் முகத்தைத் தூக்கி வச்சிருந்தான். மாமா மசாலாப் பொட்டலம் குடுத்துத்தான் அவனைச் சமாதானப்படுத்தினார்.

ஞாயித்துக்கிழமை ஜமால் நானா வந்ததும், வெளி ஸ்பீக்கரைக் கழட்டுங்கன்னு நான் சண்டைக்கு நின்னேன். மாமா நடுவுல புகுந்து, இருக்கட்டும் நானா, அழகா இருக்குன்னுட்டார். அன்னைக்கு மில்லைத் திறக்கவே இல்லை. குளிச்சு, வெள்ளை வேட்டி சட்டை போட்டு, முதல் ஆளா வந்து முன் வரிசையில நடுவுல உட்கார்ந்தார். நானும் பாடம் படிச்சிருந்தேன். ஆம்ப்ளிஃபயரை மேடை ஓரத்துல வைக்காம, சனங்க உட்காருற பக்கம் இறக்கி வச்சுக்கிட்டேன்.

விளக்கு வந்துச்சு. வசந்தா இளவரசியா நடந்து வந்தா. மைக் முன்னால நின்னு முதல் பாட்டை எடுத்தா. முன் வரிசையில மாமா எழுந்தார். போச்சுடா, மனசு மாறிட்டாருன்னு நினைச்சேன். அவர் நாற்காலியைத் தூக்கி, அப்படியே திருப்பிப் போட்டு, மேடைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். மகளைப் பார்க்கப் பிடிக்கலையோன்னு பதறி, குனிஞ்சுக்கிட்டே அவர்கிட்டப் போனேன். மேடை அந்தப் பக்கம் இருக்கு மாமான்னேன்.

அவர் என்னைப் பார்க்கலை. கடைசி வரிசை வரைக்கும் ஒவ்வொரு முகமா பார்த்துக்கிட்டே, வாழ்நாள்ல முதல் தடவையா, எனக்கு மட்டும் கேக்கிற மாதிரி பேசினார்.

"அவ பாடுவான்னு எனக்குத் தெரியும்மா. இவங்களுக்கெல்லாம் கேக்குதான்னு பாக்குறேன்."